சேஷாசலம் காட்டுக்குக் கோடைக் காவல்: மாணவர்கள் மட்டும் போதுமா?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: அலிபிரியில் கற்பூரம் ஏற்றி, கோவிந்த நாமம் சொல்லிப் படியேறத் தொடங்கும் பக்தர்களில் பெரும்பாலோர், தாங்கள் ஒரு தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டின் வழியே நடக்கிறோம் என்பதை அறிவதில்லை. ஏழுமலையானின் ஏழு மலைகளைச் சூழ்ந்துள்ள அந்தக் காடு 1989-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர். அதையும் உள்ளடக்கி, அன்றைய சித்தூர், கடப்பா மாவட்டங்களில் பரவியுள்ள சுமார் 4,755 சதுர கிலோமீட்டர் பரப்பை 2010-இல் மத்திய அரசு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. செம்மரம் உலகில் இயற்கையாக வளரும் மிகச் சில இடங்களுள் இதுவும் ஒன்று. பாறை இடுக்குகளில் வாழும் தங்கப் பல்லியும், இந்த மலைத்தொடரை விட்டால் வேறெங்கும் இயற்கையாகக் காணக் கிடைக்காத சைக்கஸ் பெட்டோமி என்ற தாவரமும் இக்காட்டின் சொத்துகள்.

இந்தக் காட்டுக்குச் சோதனைக் காலம் கோடைதான். இலையுதிர்ந்து, புல் காய்ந்து, ஓடைகள் வற்றிக் கிடக்கும் மாதங்களில் அணைக்காமல் எறியப்படும் ஒரு பீடித் துண்டு போதும். 2014 மார்ச்சில் திருமலையைச் சுற்றிப் பற்றிய தீயை அணைக்க விமானப் படையின் ஹெலிகாப்டர்களை அழைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அதே கோடையில்தான் கல்லூரிகளுக்கு விடுமுறை. காட்டுக்கு ஆள் தேவைப்படும் மாதங்களும் மாணவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதங்களும் ஒன்றாக இருக்கும்போது, இரண்டையும் இணைத்தால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

கட்டாயப் பயிற்சி:

இந்தக் கேள்விக்கு ஆந்திரத்தில் தனி முக்கியத்துவம் உண்டு. 2020-21 கல்வியாண்டில் அறிமுகமான பாடத்திட்டத்தின்படி, பட்டப் படிப்பு மாணவர்களுக்கு மொத்தம் 10 மாதப் பயிற்சிப் பணியை அந்த மாநில அரசு கட்டாயமாக்கியது. அதில் முதல் இரண்டு ஆண்டுகளின் முடிவில் வரும் கோடை விடுமுறைகளில் தலா இரண்டு மாதம் அடங்கும். முதல் கோடை சமூக சேவைக்கு என ஒதுக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பில், இளநிலைப் பட்டத்தின் ஒரு பகுதியாகப் பயிற்சிப் பணியைச் சேர்த்தது.

திருப்பதியோ கல்லூரிகளின் நகரம். 1954-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-இல் வந்த ஐ.ஐ.டி., அதே ஆண்டில் வந்த இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்) என ஒரே நகரைச் சுற்றி இத்தனை நிறுவனங்கள். மலையடிவாரத்தில் பயிலும் மாணவருக்கு அந்த மலைக் காட்டைவிடச் சிறந்த பயிற்சிக் களம் வேறு எது?

சட்டம் சொல்வது என்ன?

ஆர்வம் மட்டும் இருந்தால் காட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, வன உயிரினங்களை ஆராய்தல், புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆய்வு, சுற்றுலா முதலிய நோக்கங்களுக்காகச் சரணாலயத்துக்குள் செல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வழங்கலாம் என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். ஆனால், 29-ஆவது பிரிவு கடுமையானது. வாழிடத்தைச் சேதப்படுத்தவோ, எதையும் அகற்றவோ கூடாது. மேம்பாட்டுக்கும் நல்ல நிர்வாகத்துக்கும் தேவை என அரசு கருதினால் மட்டுமே அதற்கு அனுமதி கிடைக்கும். அதாவது, உண்ணிச்செடிப் புதரைப் பிடுங்குவதானாலும், வனத்துறையின் திட்டத்தில் இடம்பெற்று, அதன் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

இந்த வரம்புக்குள் மாணவர்கள் செய்யக்கூடிய பணிகள் ஏராளம். மலைப்பாதைகளில் குவியும் பிளாஸ்டிக் கழிவை அகற்றலாம். விலங்குகளுக்கான தண்ணீர்த் தொட்டிகளில் நீர் இருப்பைக் கணக்கெடுக்கலாம். அந்நியக் களைச்செடிகள் எங்கெங்கே பரவியுள்ளன என்று வரைபடம் தயாரிக்கலாம். நாற்றங்கால்களில் செம்மரக் கன்றுகளைப் பராமரிக்கலாம். சித்தூர் மாவட்டத்தின் பலமநேர், குப்பம் பகுதிகளில் வேறொரு தேவை இருக்கிறது. 1980-களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் அங்கு வந்து சேர்ந்ததால், 1990-இல் கவுண்டின்யா சரணாலயம் உருவானது. வயல்களுக்குள் யானை இறங்குவதும், மின்வேலியில் சிக்கி யானை இறப்பதும் அங்கு தொடர்கதை. ஊர் ஊராகச் சென்று பயிர்ச் சேதத்தைப் பதிவு செய்யவும், மின்வேலியின் ஆபத்தை எடுத்துச் சொல்லவும் படித்த இளைஞர்கள் தேவை.

அதேசமயம், தீயணைப்பிலும் செம்மரக் காவல் ரோந்திலும் பயிற்சியற்ற மாணவர்களை இறக்குவது விபரீதத்தில் முடியும். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் 6 வயதுச் சிறுமி சிறுத்தைக்குப் பலியானதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு நடந்து செல்லும் பக்தர்களின் கையில் தடி கொடுக்கப்பட்டது.

காட்டை அறிந்தவர்கள்:

மாணவர்களின் இரண்டு மாதம் முடிந்த பின் காட்டைக் காப்பது யார்? இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் உதவியுடன் காட்டுத் தீ எச்சரிக்கையை உடனுக்குடன் அனுப்புகிறது. செயற்கைக்கோள் தீயைக் காட்டும், அணைக்காது. பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடி அடிப்பவர்கள், தற்காலிகக் கூலியில் அமர்த்தப்படும் உள்ளூர்க் காவலர்களே. எந்த ஓடையில் கடைசிவரை நீர் நிற்கும், எந்தச் சரிவில் காற்று திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். தேனுக்கும் மூலிகைக்கும் காட்டை நம்பி வாழ்ந்த யானாதி பழங்குடியினரின் அறிவு எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை.

தமிழக வாசகர்கள் இதைப் படிக்கும்போது வேறொரு நினைவும் வரும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, சந்திரகிரியை ஒட்டிய இதே சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப் படையினர் சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீஸார் கூறினர். அது போலி மோதல் என்று குடும்பத்தினரும் மனித உரிமை அமைப்புகளும் குற்றம்சாட்டினர். இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். பலர் மலைவாழ் மக்கள். வெட்டப்படும் மரத்தின் விலை வெளிநாட்டுச் சந்தையில் தீர்மானிக்கப்படுகிறது; வெட்டுபவருக்குக் கிடைப்பது கூலியும், சிறையும், சில நேரம் சாவும்.

காட்டில் நடக்கத் தெரிந்த ஒருவனுக்குக் காட்டைக் காக்கும் வேலை கிடைக்காமல், வெட்டும் வேலை மட்டும் கிடைக்கிறது என்றால் பிழை எங்கே இருக்கிறது? இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணா மரப்பட்டை திருடி வந்தவர்கள், 1990-களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டனர். சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலர்களாகவும் அவர்கள் மாறினர். வழக்குகளைச் சந்தித்தவர்கள் வருமானத்தைச் சந்தித்தனர். காப்பகத்துக்கு அதன் ரகசிய வழிகள் அனைத்தும் தெரிந்த காவலர்கள் கிடைத்தனர்.

மாணவர் முயற்சிக்கும் முன்னுதாரணங்கள் உண்டு. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகின்றனர். அமெரிக்காவில் 1957-இல் தேசியப் பூங்காக்களுக்கு மாணவர்களை அனுப்பத் தொடங்கிய முயற்சி, பின்னர் நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது.

பணம் எங்கே?

பணமில்லை என்ற பதிலை ஏற்பதற்கில்லை. காட்டு நிலம் பிற பயன்பாடுகளுக்கு மாற்றப்படும்போது பெறப்படும் தொகைக்காக, ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்தை நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றியது. 2019 ஆகஸ்டில் 27 மாநிலங்களுக்கு ரூ. 47,436 கோடியை மத்திய அரசு விடுவித்தது. காட்டுத் தீத் தடுப்பும் வன உயிரின வாழிட மேம்பாடும் அந்த நிதியைச் செலவிடக்கூடிய பணிகளே.

2024-25 பட்ஜெட்டில், 500 பெரிய நிறுவனங்களில் 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி, மாதம் ரூ. 5,000 உதவித்தொகை என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் நிறுவனங்களுக்கு இடம் இருக்கிறது, காடுகளுக்கு இல்லை. கோடையில் கூலி வேலைக்குச் சென்று அடுத்த ஆண்டுக்கான செலவைத் தேடும் ஏழை மாணவர், ஊதியமில்லாத பயிற்சிக்கு எப்படி வருவார்? வந்தாலும், கையொப்பம் பெற்ற சான்றிதழோடு பணி முடிந்துவிடும்.

எனவே, செய்ய வேண்டியது எளிது. ஒரு மாணவர் குழுவுக்கு ஓர் உள்ளூர்க் காவலர் ஆசானாக இருக்கட்டும். மாணவருக்கு உதவித்தொகை, காவலருக்கு ஆண்டு முழுவதும் வேலை. மாணவர் தயாரிக்கும் வரைபடமும் கணக்கெடுப்பும் வனத்துறையின் நிர்வாகத் திட்டத்தில் சேரட்டும். எல்லை தாண்டி வரும் ஜவ்வாது மலை இளைஞர்களுக்குத் தமிழகப் பக்கத்தில் இதேபோன்ற வேலையைத் தமிழக அரசும் உருவாக்க வேண்டும்.

மத்திய நிதியைச் செலவிட வழி இருக்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது. மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்படும்போதே இதற்கான திட்டமும் தயாராக வேண்டும். காடு பற்றிய பிறகு கூட்டப்படும் ஆலோசனைக் கூட்டங்களால், எரிந்த சாம்பலை அளக்க மட்டுமே முடியும்.