ரம்பம் ஓட ஒரு மேசை!

ரெயில் தண்டவாளத்தில் ஓடும். ரம்பம் தண்டவாளத்தில் ஓடுமா?

ஓடும்! பலகையின் மேல் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தை வைக்கிறார்கள். அதன் மேல் மின்சார ரம்பத்தை ஏற்றுகிறார்கள். விசையை அழுத்தித் தள்ளினால் போதும். நூல் பிடித்தது போல நேராக அறுத்துக்கொண்டு போகும். கடைக்காரர்கள் இதை "டிராக் சா" என்கிறார்கள். தண்டவாள ரம்பம் என்று நாம் சொல்லலாம்.

ரம்பம் வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை. பலகையை எதன் மேல் வைத்து அறுப்பது? அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பலகையும் போகிறது. சில சமயம் விரலும் போகிறது.

சேதராப்பட்டு

புதுச்சேரியில் இருந்து மயிலம் செல்லும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. பக்கத்து ஊர்களோ தென்னாற்காடு மாவட்டம். எல்லைக் கோடு வயல் வரப்போடு வரப்பாகப் போயிற்று. இன்று அந்தப் பக்கத்து ஊர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. சேதராப்பட்டில் அரசாங்கத்தின் தொழிற்பேட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் ஏர் ஓடிய ஊரில் இப்போது இயந்திரம் ஓடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு தச்சர் சொந்தமாகச் சின்னப் பட்டறை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலத்தில் கதவு, சன்னல், கட்டில், கலப்பை. மகன் காலத்தில் சமையல் அறை அலமாரி, உடுப்பு அலமாரி, அலுவலக மேசை. அப்பாவுக்கு வேங்கையும் தேக்கும் வேலை கொடுத்தன. மகனுக்கு வேலை கொடுப்பது பிளைவுட்.

பிளைவுட் பலகை ஒன்றின் நீளம் 8 அடி. அகலம் 4 அடி. முக்கால் அங்குலக் கனம் உள்ள பலகை சுமார் 35 கிலோ எடை இருக்கும். விலை சில ஆயிரம் ரூபாய். கோணலாக ஒரு முறை அறுத்துவிட்டால் அந்த ஆயிரங்களுக்கு யார் பதில் சொல்வது? வீட்டுக்காரர் சொல்லமாட்டார். தச்சர் கையில் இருந்துதான் போகும்.

காலால் பிடித்த காலம்

நம் ஊர்த் தச்சர்களுக்கு மேசை பழக்கம் இல்லை. தரையில் உட்கார்வார்கள். மரத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலை செய்யும். உளியும் கொட்டாப்புளியும் பேசும். தரைதான் மேசை, கால்தான் இடுக்கி. அழகான தேர்களும் கோவில் கதவுகளும் இப்படித்தான் பிறந்தன. அதைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

பிரெஞ்சுக்காரர்கள் வழி வேறு. அவர்கள் நின்றுகொண்டு வேலை செய்வார்கள். ஆந்த்ரே ழக்கோப் ரூபோ என்ற பாரீஸ் தச்சர் தமது தொழிலைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 1769-ம் ஆண்டு முதல் அது வெளிவந்தது. அதில் வேலை மேசைக்கு ஒரு படம் போட்டார். ஐந்து, ஆறு அங்குலக் கனத்தில் ஒரே மரப் பலகை. நான்கு பருத்த கால்கள். இழைப்புளியால் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. இன்றைக்கும் உலகம் முழுவதும் தச்சர்கள் அதைப் பார்த்துச் செய்கிறார்கள்.

ஆனால் தண்டவாள ரம்பத்துக்கு அந்த ரூபோ மேசையும் பொருந்தாது. அது ஒடுக்கம். இழைக்கவும் துளைக்கவும் ஏற்றது. எட்டடிப் பலகையை அதன் மேல் போட்டால் இரு பக்கமும் தொங்கும். தரையில் போட்டு அறுக்கலாமா? அறுக்கலாம். முதுகு என்ன ஆகும்? நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்தால் நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஜெர்மனியில் பிறந்தது

தண்டவாளத்தில் ரம்பம் ஓட்டும் யோசனை ஜெர்மனியில் பிறந்தது. பெஸ்டோ என்ற கம்பெனி 1925-ம் ஆண்டு ஆரம்பமானது. 1960-களில் அந்தக் கம்பெனி ரம்பத்துக்குத் தண்டவாளம் செய்து விற்றது. அந்தக் கருவிகள் இப்போது பெஸ்டூல் என்ற பெயரில் வருகின்றன. மகிட்டா, போஷ், டிவால்ட் கம்பெனிகளும் பின்னால் இதே மாதிரி ரம்பங்களைக் கொண்டுவந்தன.

தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை ஒட்டி இருக்கும். முதல் தடவை ரம்பம் ஓடும்போது அந்தப் பட்டையையும் சேர்த்து அறுத்துவிடும். அதற்குப் பிறகு பட்டையின் விளிம்புதான் அறுக்கும் கோடு. பென்சில் கோட்டின் மேல் அந்த விளிம்பை வைத்தால் போதும். பட்டை பலகையை அழுத்திப் பிடிப்பதால் மேல்தோல் சிலும்பாது. பளபளப்பான மேல்தாள் ஒட்டிய பலகையில் இது பெரிய லாபம்.

தண்டவாளம் எவ்வளவு நீளம் வேண்டும்? நாலடி அகலத்தைக் குறுக்கே அறுக்க 1400 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும். எட்டடி நீளத்தை அறுக்க 3 மீட்டர் வேண்டும். இரண்டு 1400-ஐச் சேர்த்து இணைத்தும் அறுக்கலாம். ஆனால் இணைப்பு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

அபாயம் எங்கே?

இரண்டு முட்டுக்கட்டைகளின் மேல் பலகையை வைத்து, நடுவில் அறுக்கிறார் ஒருவர். பாதி தூரம் நன்றாகப் போகிறது. பிறகு பலகை நடுவில் தொய்கிறது. அறுத்த வாய் மூடிக்கொள்கிறது. சுழலும் வட்டு நடுவில் சிக்குகிறது. அடுத்த வினாடி ரம்பம் பின்னால் எகிறுகிறது. பின்னால் இருப்பது யார்? ரம்பத்தைப் பிடித்தவர்தான்!

வட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்வது. அதோடு சண்டை போட எந்த ஆசாரியாலும் முடியாது. விரல் போன தச்சருக்கு அப்புறம் என்ன வேலை? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

ஆகவே மேசைக்கு முதல் சட்டம் இதுதான்: அறுத்து முடிந்த பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். விழவும் கூடாது, தொய்யவும் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் தாங்கல் வேண்டும். அந்தப் பக்கமும் தாங்கல் வேண்டும்.

இதற்கு மிகவும் மலிவான வழியும் உண்டு. தடித்த தெர்மோகோல் பலகையைத் தரையிலோ மேசையிலோ விரித்து, அதன் மேல் பிளைவுட்டைப் போட்டு அறுப்பது. ரம்பம் தெர்மோகோலைச் சற்றே கீறும். அவ்வளவுதான். எப்போதாவது அறுப்பவருக்கு இதுவே போதும். தினமும் அறுப்பவருக்குப் போதாது. வெள்ளை மணிகள் பட்டறை எங்கும் பறக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கட்டம் போட்ட மேசை

தினமும் அறுப்பவருக்கு ஏற்றது கட்டம் போட்ட மேசை. முட்டைகளை அடுக்கும் பெட்டிக்குள் அட்டைத் தடுப்பு இருக்கும் அல்லவா? அதே மாதிரிதான்.

முக்கால் அங்குல பிளைவுட்டில் 4 அங்குல அகலப் பட்டைகள் அறுக்க வேண்டும். ஆறடி நீளத்தில் மூன்று. மூன்றடி நீளத்தில் நான்கு. எட்டடிப் பலகையில் பாதிகூடச் செலவாகாது. பட்டைகள் ஒன்றை ஒன்று கடக்கும் இடங்களில் பாதி ஆழத்துக்கு, அதாவது 2 அங்குலம், வாய் வெட்ட வேண்டும். நீளப் பட்டைக்கு மேலே வாய். குறுக்குப் பட்டைக்குக் கீழே வாய். ஒன்றில் ஒன்றைச் செருகினால் கட்டம் தயார். மொத்தம் பத்துக் கிலோ அளவுதான் இருக்கும். ஒரே ஆள் தூக்கலாம்.

கட்டத்தில் ஓர் ஆணி கூட அடிக்கக் கூடாது! ரம்பம் கட்டத்தையும் கொஞ்சம் அறுக்கும். ஆணியில் பட்டால் வட்டின் பல் போய்விடும். பெவிகாலே போதும். ஒட்டாமலே வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம். வேலை முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் வைக்கலாம். வீட்டுக்கு வீடு போய் வேலை செய்பவர் கட்டாக எடுத்துப் போகலாம்.

கட்டத்தின் கீழே, குதிரை போல நான்கு கால் விரித்த முட்டுகள் இரண்டு. இவற்றுக்கு விலை உயர்ந்த மரம் வேண்டாம். வேம்பு போதும். பூவரசு இருந்தால் நல்லது. புதுச்சேரிப் பக்கத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சவுக்கு உருண்டை. மட்டமாக உட்கார வைப்பதற்குள் பொழுது போய்விடும். பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் விடக் கூடாது. பல மழையும் வெயிலும் பார்த்த மரம், இனி முறுக்காது. ஒன்றே ஒன்று, உள்ளே பழைய ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

உயரம் எவ்வளவு? சாதாரண வேலை மேசை இடுப்பு உயரம். இதற்கு இரண்டரை அடி போதும். காரணம், நாலடி அகலப் பலகையின் அந்தக் கரை வரை கை எட்ட வேண்டும். மேசை உயர்ந்தால் எட்டாது. எட்டாத தூரத்துக்கு எக்கிக்கொண்டு ரம்பம் பிடிப்பது விபத்தை விலைக்கு வாங்குவது.

மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரச மட்டம் கூட வேண்டியது இல்லை. நான்கு மூலைகளில் இருந்து குறுக்காக இரண்டு நூல் கட்ட வேண்டும். நடுவில் நூல்கள் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. ஒன்று மற்றதை அழுத்தினால் அந்த நூலைக் கீழே மாற்றிக் கட்டி இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, அழுத்தினாலோ மேசை முறுக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

துளை மேசை

இன்னொரு வகையும் உண்டு. மேசைப் பலகை முழுவதும் துளைகள்! பெஸ்டூல் மேசையில் ஒவ்வொரு துளையும் 20 மில்லிமீட்டர். துளைக்குத் துளை 96 மில்லிமீட்டர். துளைகளில் முளைகளைச் செருகுகிறார்கள். ஒரு வரிசை முளையில் பலகையைச் சாய்க்கிறார்கள். குறுக்கு வரிசை முளையில் தண்டவாளத்தைச் சாய்க்கிறார்கள். மூலைமட்டமே வேண்டாம். அறுத்தால் செங்கோணம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் துளைகள் சரியாக இருந்தால்தான்! ஓர் அடித் துண்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகு. அதே பிசகு நாலடிப் பலகையில் 4 மில்லிமீட்டர். அலமாரிக் கதவு மூடாது. கையால் நூற்றுக்கு மேற்பட்ட துளை போட்டு எல்லாம் வரிசையாக வந்தது என்றால் அதிசயம்தான். கணினி மூலம் துளையிடும் இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுத்துப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

செங்கோணம் பார்க்க நம் கொத்தனார் வழி ஒன்று போதும். ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர். மறு பக்கம் 80. குறுக்கே அளந்தால் 100 வர வேண்டும்.

துளை மேசைக்குப் பெரும்பாலும் எம்.டி.எப். என்ற மரநார்ப் பலகையைப் போடுகிறார்கள். மழமழப்பாக இருக்கும். ஆனால் புதுச்சேரி கடற்கரைப் பிரதேசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே நனைந்திருக்கும். ஈரம் பட்டால் எம்.டி.எப். உப்பும். உப்பினால் துளை சிறுக்கும். முளை இறங்காது. இரு பக்கமும் வார்னிஷ் பூசினால் ஓரளவு தாங்கும். மேசையை ஒரே நல்ல முதலாகச் செய்ய நினைப்பவர் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டை வாங்கலாம். விலை கூடுதல். தண்ணீருக்குப் பயம் இல்லை.

சின்னப் பட்டறைக்குக் கட்ட மேசைதான் முதலில். அலமாரி வேலை பெருகி, ஒரே அளவுத் துண்டு நூறு அறுக்க வேண்டி வந்தால் அப்புறம் துளை மேசையை யோசிக்கலாம். முதலிலேயே வாங்கிவிட்டுக் கடன் கட்டுவதில் என்ன இருக்கிறது?

அறுக்கும்போது

ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் அதிகமாக வைக்க வேண்டும். சில ரம்பங்களில் தண்டவாளத்தின் கனத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆழம் அதிகமானால் கட்ட மேசை சீக்கிரம் கந்தலாகும்.

இந்த ரம்பங்கள் சுமார் 1200 முதல் 1400 வாட் மின்சாரம் இழுப்பவை. தூசி உறிஞ்சும் இயந்திரத்தையும் அதே இடத்தில் செருகினால் சாதாரண விளக்குப் பிளக் சூடாகிவிடும். 16 ஆம்பியர் பிளக் வேண்டும். வட்டு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். விசையை அணைத்தால் மட்டும் போதாது.

தூசியை அலட்சியம் செய்யக் கூடாது. மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ம் ஆண்டே அறிவித்துவிட்டது. முகமூடி வேண்டும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பான். பலகையைப் பிடிக்கிறேன் என்று கையை நீட்டுவான். பிடிக்க விடக் கூடாது. கட்டம் போட்ட மேசையே இரண்டு துண்டையும் பிடித்துக்கொள்கிறது. அவனைச் சற்றுத் தள்ளி நிறுத்தி வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தண்டவாளத்தைச் சுவரில் சாய்த்து வைக்கிறார்கள். அதுவும் தவறு. சாய்த்தால் வளையும். வளைந்த தண்டவாளத்தில் நேர் அறுப்பு வராது. மேசையின் மேலேயே படுக்க வைக்கலாம். அல்லது நுனியில் கயிறு கட்டித் தொங்கவிடலாம்.