தன் மூச்சில் ஓடும் யந்திரம்

யந்திரமும் சாலையும் – 12

எரிந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தால் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணித்து, சிறிய யந்திரத்தையும் பெரிய யந்திரத்தின் காரியத்தைச் செய்யவைக்கும் டர்போ என்னும் உபாயத்தைச் சென்ற வாரம் விவரித்தோம். அத்தகைய துணை ஏதுமின்றித் தன் மூச்சை மட்டுமே நம்பி ஓடும் யந்திரத்திலிருந்து, அதுவும் பந்தயத்துக்கன்றி அன்றாடச் சாலைக்காக, எவ்வளவு குதிரைசக்தியை நியாயமாக எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி அப்போது மிஞ்சி நின்றது. அதைச் செஞ்சியில் வைத்து ஆராய்வது பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது.

யந்திர சக்தியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பந்தயத் தளங்களில் பிறந்து வளர்ந்தது. சோழவரத்துப் பழைய விமான தளத்திலும், பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய தளத்திலும் நம்மவர்கள் அந்தக் கலையைக் கற்றார்கள். ஆனால் அங்கே ஓட்டுபவன் யந்திரத்தை எந்நேரமும் அதன் உச்சச் சுழற்சிக்கு அருகிலேயே நிறுத்திக்கொள்ள முடியும். எதிரே வண்டி வராது, மாடு குறுக்கிடாது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, செஞ்சியில் ராஜகிரிக் குன்றுக்கும் கிருஷ்ணகிரிக் குன்றுக்கும் இடையே கோட்டை மதிலை ஊடறுத்துக்கொண்டு போகும் இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு வேறொரு காட்சி கிடைக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் டிராக்டர், அதன் பின்னால் டவுன் பஸ், பஸ்ஸை முந்த முடியாமல் தவிக்கும் கார், அந்தக் காரின் இடுக்கில் நுழையும் மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, இடைவெளி கிடைத்த கணத்தில் 70-க்கும் 80-க்கும் பாய வேண்டியிருக்கிறது. அந்தப் பாய்ச்சலுக்கு வேண்டிய சக்தி எது, அது யந்திரத்தின் எந்தச் சுழற்சியில் கிடைக்க வேண்டும் என்பதுதான் சாலைக்கான கேள்வி முழுவதும்.

முதலில் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சாதாரணக் கார் சமதரையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் சேர்த்துச் சுமார் 10 குதிரைசக்தி போதும். செஞ்சிச் சீமையில் கிணற்றுக்குக் கிணறு இருக்கும் 5 எச்.பி. மோட்டார்களில் இரண்டின் வேலைதான் அது. 120 கிலோமீட்டருக்குப் போனாலும் 25 அல்லது 26 ஆகும். ஆனால் அதே 80 கிலோமீட்டர் வேகத்தில், எதிர்வரும் லாரி நெருங்குமுன் முந்திவிட வேண்டும் என்று வினாடிக்கு 3½ கிலோமீட்டர் வீதம் வேகத்தைக் கூட்ட முனைந்தால், அந்தப் பத்தோடு இன்னும் 30 குதிரைசக்தி அந்த நொடியே சக்கரத்துக்கு வந்து சேர வேண்டும். ஆகவே வாகனம் போய்க்கொண்டிருப்பதற்கு அதிக சக்தி வேண்டுவதில்லை. வேகம் மாறுவதற்கே வேண்டும். விளம்பரத்தில் 100 குதிரைசக்தி என்று அச்சிட்டிருக்கும் யந்திரம் அந்த நூறையும் 6,500 சுழற்சியில் மட்டுமே தருமானால், 2,500 சுழற்சியில் டிராக்டரின் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பவனுக்கு அந்த நூறு கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது.

குதிரைசக்தி என்னும் அளவையே அதன் பிறப்பில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரையை அடக்கியவன் என்று கதைப்பாடல்கள் புகழும் செஞ்சி ராஜா தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது 1714-இல் மாண்டான். அதற்குச் சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரங்களை விற்பதற்காக ஒரு குதிரையின் வேலையை அளவுகோலாக்கியபோது, அவர் கண்முன் இருந்தது செஞ்சி லாயத்தில் கட்டிக்கிடந்த போர்க்குதிரை போன்ற ஒன்றன்று. செக்கைச் சுற்றுவது போல ஆலையில் நாள் முழுவதும் சுற்றிவந்த இழுவைக் குதிரை. நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்ற அவருடைய கணக்கு, சோர்வின்றித் தொடர்ந்து செய்யக்கூடிய வேலைக்கு உரியது. போர்க்குதிரை ஒரு பாய்ச்சலில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேலும் காட்டிவிடும். ஆனால் சில நொடிகளுக்குத்தான். இன்று நாம் விளம்பரத்தில் வாசிக்கும் உச்ச குதிரைசக்தி என்பது அளவில் வாட்டினுடையதாக இருந்தாலும், சுபாவத்தில் போர்க்குதிரையினுடையது.

இனி யந்திரத்தின் எல்லைக்கு வருவோம். டர்போ இல்லாத யந்திரத்துக்குக் காற்றை ஊட்டுவது வாயுமண்டலத்தின் அழுத்தம் ஒன்றே. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை அது நிரப்புகிறது. அதற்கு மேல் ஒரு துளியும் திணிப்பதில்லை. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள யந்திரம் முழுவதும் நிரம்பினால் உள்ளே வரும் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிராம். அந்தக் காற்றில் பூரணமாக எரியக்கூடிய பெட்ரோல் அதில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 0.08 கிராம். அவ்வளவு பெட்ரோலில் அடங்கிய சக்தி சுமார் 3,500 ஜூல். அதில் மூன்றில் ஒரு பங்கே சுழலும் வேலையாக மாறும்; மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வெப்பமாகக் கழியும். நான்கு அடி யந்திரத்தில் இவ்வளவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நிகழ்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், லிட்டருக்கு 90 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவிசை கிடைக்கும். மிகத் தேர்ந்த யந்திரமானால் இன்னும் கொஞ்சம் ஏறலாம். அந்த எல்லையை வைத்தவன் எந்தக் கம்பெனியின் பொறியாளனும் அல்லன். நாம் வாழும் இந்தக் காற்றுக்கடலே வைத்தது.

இந்தக் கணக்கு மெய்தானா என்று இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த புல்லட்டின் பழைய 346 சி.சி. யந்திரம் 3,000 சுழற்சியில் 32 நியூட்டன் மீட்டர் தந்தது. அதன் உச்ச சக்தி 5,625 சுழற்சியில் 18 குதிரை. இக்காலத்து இளைஞர்கள் விரும்பும் கே.டி.எம். டியூக் 390-இன் 373 சி.சி. யந்திரம் 7,000 சுழற்சியில் 37 நியூட்டன் மீட்டரும், 9,000 சுழற்சியில் 43 குதிரையும் தந்தது. குதிரைசக்தியில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் லிட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் முறுக்குவிசை ஒன்றில் 92, மற்றதில் 99. நான்கு வால்வு, இரட்டைக் கேம், நீர்க் குளிர்ச்சி, உயர்ந்த அழுத்த விகிதம் என்று அரை நூற்றாண்டு விஞ்ஞானம் சேர்த்துக் கொடுத்த பிறகும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைத்த லாபம் நூற்றுக்கு ஏழோ எட்டோதான். மற்றதெல்லாம் அந்த மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டதால் வந்தது. சக்தி என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கியது. முறுக்குவிசைக்குக் காற்று எல்லை வைத்துவிட்டதால், மிஞ்சிய வழி சுழற்சியைக் கூட்டுவது ஒன்றே.

அப்படியானால் புல்லட்டையும் 9,000 சுழற்சிக்கு ஓட்டினால் என்ன? இங்கேதான் பட்டறைகளில் பல ஆசைகள் உடைந்துபோகின்றன. புல்லட்டின் பிஸ்டன் ஒவ்வொரு அடியிலும் 90 மில்லிமீட்டர் பயணம் செய்கிறது; டியூக்கின் பிஸ்டனோ 60 மில்லிமீட்டர்தான். ஆகவே 5,625 சுழற்சியில் புல்லட் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 17 மீட்டர். 9,000 சுழற்சியில் டியூக் பிஸ்டனின் வேகம் 18 மீட்டர். வெளியிலிருந்து கேட்பவனுக்கு ஒன்று நிதானமாகத் துடிப்பது போலவும், மற்றொன்று வெறிகொண்டு அலறுவது போலவும் தோன்றினாலும், பிஸ்டன் படும் பாடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. புல்லட்டை 9,000-க்கு ஏற்றினால் பிஸ்டன் வேகம் 27 மீட்டராகும். டர்போ இல்லாத சாலை யந்திரங்களில் சிகரமென்று கொண்டாடப்பட்ட ஹோண்டா எஸ் 2000, இரண்டு லிட்டரிலிருந்து 240 குதிரைகளை எழுப்பிய 8,300 சுழற்சியில்கூட 23 மீட்டரைத்தான் தொட்டது. மேலும் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் பிய்த்திழுக்கும் விசை சுழற்சியின் வர்க்கமாக வளர்வதால், 5,625-இல் ஒரு பங்காக இருந்தது 9,000-இல் இரண்டரைப் பங்காகிவிடும். புஷ்ராடு வைத்த பழைய யந்திரம் அதற்கு வெகு முன்பே, வால்வு ஸ்பிரிங் பின்தொடர முடியாமல் போய், தன் பிராணனை விட்டுவிடும். நீண்ட அடியுள்ள யந்திரத்தை அதன் ஜாதிக்குரிய நிதானத்தில் இழுக்கவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

சுழற்சியைக் கூட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. அதிக சுழற்சியில் காற்று உள்ளே பாய்ந்துவர அவகாசம் மிகக் குறைவு என்பதால், உள்வால்வு நெடுநேரம் திறந்திருக்கும்படி கேமை வெட்ட வேண்டும். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பின்னும் அந்த வால்வு திறந்தே இருக்கும். 7,000 சுழற்சியில் பாய்ந்துவரும் காற்றின் வேகமே அதை உள்ளே தள்ளிவிடுகிறது. 2,000 சுழற்சியிலோ காற்றுக்கு அந்த வேகம் இல்லை. ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே வெளியே துரத்திவிடுகிறது. உச்சத்துக்காகக் கேம் மாற்றிய வண்டி ஐடிலில் நடுங்கி நிற்பதற்கும், கிளட்ச்சை விட்டதும் அணைந்துபோவதற்கும் இதுவே காரணம். மேலே சேர்த்த பத்துக் குதிரைகளுக்காகக் கீழே ஐந்தை இழந்துவிட்டு, அந்தக் கீழ்ச் சுழற்சியிலேயே நாளெல்லாம் ஓட்டுவது சாலைக்கு ஏற்ற வியாபாரமா என்று யோசிக்க வேண்டும். ஹோண்டா இந்த முரண்பாட்டை விடெக் என்ற பெயரில் இரண்டு விதமான கேம்களை ஒரே தண்டில் வைத்துத் தீர்த்தது. 2000-ஆம் ஆண்டு நம் நாட்டில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக் அதனாலேயே 106 குதிரைகளைத் தந்தும் நகரத்தில் முரண்டு பிடிக்காமல் ஓடியது. லிட்டருக்கு 71 குதிரை. சாலையில் ஓடுகிற, பெட்ரோல் பங்க்கில் கிடைப்பதைக் குடிக்கிற, மெக்கானிக்கை அடிக்கடி தேடாத, டர்போ இல்லாத யந்திரத்துக்கு 70-லிருந்து 80 வரை என்பதே நான் நம்பிச் சொல்லக்கூடிய அளவு.

"பிக்கப் இல்லண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று பட்டறையில் வந்து நிற்கும் இளைஞனுக்கு முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஏர் ஃபில்டரை மாற்றுவதும் சைலன்சரைக் கழற்றுவதும்தான். சத்தம் கூடியதைச் சக்தி கூடியதாகக் காது எடுத்துக்கொள்கிறது. கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டி முன்புறத்துக் குளிர்ந்த காற்றை இழுக்கும்படி குழாய் விட்டிருக்கும். அதை எடுத்துவிட்டுப் பானட்டுக்குள் திறந்த ஃபில்டரை மாட்டினால், யந்திரம் தன்னைச் சுற்றி வெந்துகிடக்கும் காற்றையே சுவாசிக்கிறது. 25 டிகிரிக் காற்றுக்குப் பதில் 60 டிகிரிக் காற்று உள்ளே போனால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் எடை குறைந்துவிடும். காற்றுக் குறைந்த அளவுக்குச் சக்தியும் போகும். கற்குன்றுகள் இரவிலும் வெப்பம் கக்கும் செஞ்சியின் அக்கினி நட்சத்திரக் காலத்தில், 40 டிகிரியில் நிழலில் நின்றாலே நூற்றுக்கு ஐந்து போய்விடுகிறது. குளிர்ந்த காற்றுக்கு நல்ல வழி செய்துகொடுப்பது, வால்வுகளைச் சரியாக உட்காரவைத்துக் கம்ப்ரஷன் கசியாமல் பார்ப்பது, புகை தடையின்றி வெளியேறும் நீளத்தில் குழாய் அமைப்பது ஆகிய இவை அடக்கமான வேலைகள். ஆனால் பலன் மெய்யானது.

ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தை 9-லிருந்து 10½-க்கு உயர்த்தினால், சித்தாந்தப்படி நூற்றுக்கு நான்குதான் ஆதாயம். அதற்கு மேல் பேராசைப்பட்டால் நாக்கிங் என்னும் தட்டல் பிஸ்டனைத் துளைத்துவிடும். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கை எதிர்ப்பதில் சிறந்ததுதான். ஆனால் எத்தனாலுக்கு அதே காற்றில் அதிக எரிபொருள் வேண்டுமாதலால், கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் பழைய ஜெட்டையே விட்டுவைத்தால் கலவை மெலிந்து யந்திரம் சூடேறும். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கச் சொல்லும் மெக்கானிக் காரியம் அறிந்தவர். இவையனைத்தும் சேர்ந்து, ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள யந்திரத்தில் நூற்றுக்குப் பத்து கூடினால் அதைப் பெரிய வெற்றியாகக் கொள்ளலாம். இதில் சட்டத்தையும் மறக்கக் கூடாது: வாகனத்தின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

யந்திரத்தைத் தொடாமலே இழுவையைக் கூட்டும் மார்க்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று எடை. 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு இன்றுவரை தமிழ்நாட்டுப் பட்டணங்களில் தனி மதிப்பு இருப்பதற்கு அதன் இரண்டு அடி யந்திரத்தின் 11 குதிரைகள் மட்டும் காரணமல்ல. வண்டியே நூறு கிலோவைச் சற்றுத்தான் தாண்டும். இரண்டாவது கியர் விகிதம். பின் ஸ்ப்ராக்கெட்டில் 38 பல்லுக்குப் பதில் 40 பல் வைத்தால், எல்லா கியரிலும் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை நூற்றுக்கு ஐந்து கூடுகிறது. உச்ச வேகம் சிறிது குறையும், மைலேஜும் கொஞ்சம் போகும்.

உச்சத்தை விட்டுக்கொடுத்துக் கீழ்ச் சுழற்சியின் இழுவையைத் தேடும் வழியைத் தொழிற்சாலையே மேற்கொண்டதற்கு அத்தாட்சி நம் மாநிலத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் 650 யந்திரம். 648 சி.சி.யிலிருந்து 47 குதிரைகள், அதாவது லிட்டருக்கு 73-க்கு மேல் போகாமல் அடக்கமாக நிறுத்திக்கொண்டு, 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் ஐந்தில் நான்கு பங்கு 2,500 சுழற்சியிலேயே கிடைக்கும்படி அதை வகுத்திருக்கிறார்கள். அழுத்த விகிதம் 9½. சாதாரண பெட்ரோலே போதும். பிஸ்டன் அடி 68 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே கொள்ளளவில் இதைவிட ஒன்றரை மடங்கு, இரு மடங்கு குதிரைகளை எழுப்பும் ஜப்பானிய யந்திரங்கள் உண்டு. அவற்றின் இடம் இருங்காட்டுக்கோட்டை. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவனோ, டிராக்டரின் பின்னால் மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்து, எதிர்ச்சாலை தெளிந்ததும் கியரை மாற்றாமலே ஆக்ஸிலேட்டரை மட்டும் திருப்பி, 3,000-லிருந்து 5,000 சுழற்சிக்குள்ளாகவே முந்தி முடித்துவிடுகிறான்.