விளையாட்டும் லினக்ஸ் திரையும்

“லினக்ஸ் ஆராய்ச்சிக்கு ஆகும், விளையாட்டுக்கு ஆகாது” என்ற பேச்சு நம் மாணவர்களிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. நம்மில் பலருக்கு லினக்ஸ் புதிதன்று. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குத் துணையாக ‘பாஸ்’ லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அமைப்பு அது. அதைத் திறந்து பார்த்தவர் சிலர். அதில் விளையாடிப் பார்த்தவர் மிகச் சிலர். இன்று டில்லிக்கு வந்து ஆராய்ச்சிக்கென்று லினக்ஸைப் பயிலும் நாம், விளையாட்டில் படம் கிழிந்தாலோ விக்கினாலோ உடனே புதிய மடிக்கணினியை நினைக்கிறோம். நேரு பிளேஸில் விலை விசாரித்து, ஊருக்குத் தொலைபேசி செய்து பணம் கேட்கிறோம். பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றே: குறை உண்மையில் எங்கே இருக்கிறது? பெற்றோரின் பணத்தைச் செலவிடுமுன் இதை ஆராய்வது நம் கடமையல்லவா?

முதலில் திரையின் தொழிலைப் பார்ப்போம். சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே 16.7 மில்லி வினாடி. வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரையில் அது 6.9 மில்லி வினாடி. படம் மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதப்படுகிறது. பாதி எழுதியிருக்கும்போது வேறு படம் வந்து புகுந்தால் மேற்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் தோன்றும். படம் கிழிதல் என்பது இதுவே. ஆக, கார்டின் வேகம் மட்டும் போதாது. படத்தை எந்தக் கணத்தில் மாற்றுவது என்று தீர்மானிக்கும் அதிகாரி யார் என்பதே கேள்வி.

லினக்ஸில் நெடுங்காலம் அந்த அதிகாரியாக இருந்தது எக்ஸ். 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது அது. 1987-இல் வந்த பதினோராம் பதிப்பே எக்ஸ் 11 என வழங்குகிறது. அந்நாளில் நிரல் ஒரு பெரிய கணினியில் ஓடும். படம் வேறோர் அறையின் முனையத்தில் தோன்றும். ‘இங்கே கோடு போடு, அங்கே எழுத்து எழுது’ என்ற கட்டளைகளை வாங்கி வரைவதே எக்ஸின் வேலை. பிற்காலத்தில், எல்லாச் சாளரங்களையும் சேர்த்து ஒரே படமாக அமைக்கும் கம்பாஸிட்டர் என்ற தொகுப்பான் தனி நிரலாக வந்து ஒட்டிக்கொண்டது. விளையாட்டின் படம் எக்ஸிடம் சென்று, தொகுப்பானிடம் போய், மீண்டும் எக்ஸ் வழியே திரைக்கு வந்தது. கைகள் பல மாறினால் காலம் தவறுவது இயல்பே.

2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் இந்தச் சுற்றுவழியை ஒழித்தது. வேலண்ட் ஒரு நிரலன்று, ஒரு நெறிமுறை. அதில் தொகுப்பானே அதிகாரி. விளையாட்டு தன் படத்தை முழுதும் வரைந்து கையளிக்கிறது. திரை அடுத்த முறை புதுப்பிக்கும் கணத்தில் தொகுப்பான் அதைக் காட்டுகிறது. 2022-இல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கணினி, லினக்ஸில் ஓடுவது. விளையாடும்போது அதன் திரையை ஆள்வது கேம்ஸ்கோப் என்னும் வேலண்ட் தொகுப்பான். லினக்ஸ் விளையாட்டுக்கு உதவாது என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

ஆயினும் என்விடியா கார்டு வைத்திருந்தோர் பல ஆண்டுகள் துன்புற்றனர். காரணத்தை ஒரு பந்தியின் மூலம் விளக்கலாம். கார்டு சமையற்காரர், தொகுப்பான் பரிமாறுபவர். இன்டெல், ஏ.எம்.டி. கார்டுகளில், தோசை வெந்ததா இல்லையா என்பதைக் கெர்னல் மறைவாகக் கவனித்துக்கொள்ளும். என்விடியாவின் டிரைவர் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. எனவே வேகாத தோசையும் சில வேளை இலைக்கு வந்தது: படம் மினுக்கிற்று, பழைய படம் முன்னே குதித்தது. பழைய விளையாட்டுகளும், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானும் எக்ஸ் மொழியே பேசுவன. அவற்றுக்காக வேலண்டினுள் ஓடும் எக்ஸ்வேலண்ட் என்ற மொழிபெயர்ப்பாளரிடம் இத்தொல்லை மிகுதி. 2024-இல், ‘வெந்துவிட்டது’ என்று வெளிப்படையாக மணியடிக்கும் நெறி ஏற்கப்பட்டது. எக்ஸ்வேலண்ட் 24.1-ம் என்விடியாவின் 555 வரிசை டிரைவரும் அதைக் கைக்கொண்டன. அதே கார்டு, அதே திரை. பெரும்பாலான மினுக்கல் மறைந்தது! மாறியது ஒழுங்கு மட்டுமே.

புதியது என்பதனால் எல்லாம் நிறைவு என்று சொல்வதற்கில்லை. கிழியாத படத்துக்குக் காத்திருத்தல் என்ற விலை உண்டு. சுட்டியை அசைத்த கணத்துக்கும் காட்சி மாறும் கணத்துக்கும் இடையே அது சில மில்லி வினாடிகளைக் கூட்டலாம். வேகமே பெரிதென்பார்க்காகக் கிழிதலை அனுமதிக்கும் நெறி 2022-இல் சேர்க்கப்பட்டது.

நிலைத்தன்மையில் பழையதற்கு ஒரு பெருமையும் உண்டு. எக்ஸில் தொகுப்பான் விழுந்தாலும் எக்ஸ் நிற்கும். திறந்திருந்த ஆய்வுரை பிழைக்கும். வேலண்டில் தொகுப்பானே அதிகாரியாதலால், அது விழுந்தால் பெரும்பாலும் எல்லாச் சாளரமும் உடன்விழும். கே.டி.இ. போன்றோர் இதற்கு மாற்று அமைத்து வருகின்றனர். அதுவரையில், விளையாடுமுன் ஆய்வுரையைச் சேமித்து மூடுவதே அறிவுடைமை.

இனி நாம் செய்யத்தக்கவை. க்னோம் மேசையில் கணினி விவரங்களைத் திறந்தால் நம்முடையது எக்ஸா வேலண்டா என்று எழுதியிருக்கும். இரு கார்டுகள் உள்ள மடிக்கணினியில், விளையாட்டு வலிய கார்டில்தான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். டில்லிக் கோடையில் சூடேறிய மடிக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அப்பழியைத் திரை அமைப்பின் மீது போடுதல் ஆகாது. வேலரண்ட் போன்ற சில விளையாட்டுகள் லினக்ஸில் ஓடா. ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸை மட்டுமே ஏற்பதால் வந்த தடை அது. அதற்கு எக்ஸும் பொறுப்பல்ல, வேலண்டும் பொறுப்பல்ல.

சராசரியை மட்டும் நம்பலாகாது. ஒரு வினாடியின் முற்பாதியில் 90 படங்களும் பிற்பாதியில் 10 படங்களும் வந்தால் சராசரி வினாடிக்கு 100 என்றே காட்டும். ஆனால் பிற்பாதியில் ஒவ்வொரு படமும் 50 மில்லி வினாடி நின்று விக்கும். ஆகவே மாங்கோஹட் போன்ற கருவியைக் கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தை அளந்து பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சராசரியோடு சிதறலையும் குறிக்கும் நாம், விடுதி அறையில் அதை மறக்கலாமா?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10, தன் க்னோம் மேசையில் எக்ஸ் அமர்வை நீக்கிவிட்டது. என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக் கார்டுகளோ 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டன. மேற்சொன்ன மணி அவற்றுக்கு இல்லை. பழைய கார்டை மலிவு என்று வாங்கப் போகும் நண்பர், விலைக்கு முன்னே டிரைவர் வரிசையைக் கேட்பாராக. கையில் நல்ல கார்டு இருப்பவர், புதியது வாங்குமுன் டிரைவரைப் புதுப்பித்து ஒருமுறை அளந்து பார்ப்பாராக. மென்பொருளால் தீரும் குறைக்கு ஊரிலிருந்து பணம் வர வேண்டியதில்லை.