உறைமோரும் பாத்திரமும்

காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் மோர் கலந்து மூடி வைக்கிறோம். விடிந்தால் தயிர். மண்சட்டியிலும் உறையும், எவர்சில்வர் தூக்கிலும் உறையும். வேலையைச் செய்வது அந்த ஒரு ஸ்பூன் மோர்தான்.

பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வுக்குத் தரும் பேச்சு சிகிச்சையும் இப்படித்தான் இயங்குகிறது. நேரில் போய்ப் பேசுவது ஒரு பாத்திரம். போனில் முகம் பார்த்துப் பேசுவது இன்னொரு பாத்திரம்.

உறைமோர் எது? மனம் சோர்ந்தவள் பிடித்த வேலைகளை ஒவ்வொன்றாக விடுகிறாள். விட விடச் சோர்வு ஏறுகிறது. மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதே இல்லை. அதனால் ஆலோசகர் செயலிலிருந்து தொடங்குகிறார். இந்த வாரம் தலை பின்னிக்கொண்டு பத்து நிமிடம் மொட்டை மாடியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நின்றபோது மனசு எப்படி இருந்தது என்று குறித்து வைத்தால், அடுத்த வாரப் பேச்சு அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கும். ஸ்பூன் அளவுதான், பால் முழுவதும் மாறிவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கர்ப்பிணிகளும் புதுத் தாய்களுமாக 1,230 பேருக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. வீடியோவில் பேசியவர்களுக்குக் கிடைத்த பலன், நேரில் போனவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததாக இல்லை. சிகிச்சை தந்தவர் மனநல நிபுணரா, பயிற்சி பெற்ற செவிலியரா என்பதாலும் பலன் குறையவில்லை. தையல் ஆறாத உடம்போடு பஸ் ஏற முடியாதவளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

ஆனால் உறை ஊற்றிய பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் திரிதிரியாகிவிடும். நம் வீடுகளில் போன் சிகிச்சை கெடுவதும் இங்கேதான். "இப்ப பேசலாமாம்மா?" என்று ஆலோசகர் கேட்கிறார். ஹாலில் மாமியார், வாசலில் நாத்தனார். "பரவாயில்லை மேடம்" என்று குரலைத் தாழ்த்துகிறாள். "தூங்குறீங்களா?" என்றால் "ம்". "பிள்ளையைப் பார்த்தா எப்படி இருக்கு?" என்றால் அதற்கும் "ம்". சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இந்த வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியின் மூடிய அறைதான் நல்ல பாத்திரம்.

பால் பொங்கும்போது மட்டும் பாத்திரத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ, தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

பிரசவமான முதல் சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அடங்கவில்லையென்றால் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் அது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவள் பேசும் நேரம் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள்.