கப்பல் கோதுமையும் குட்டைக் கோதுமையும்

1966-ல் இந்தியா ஏறக்குறைய 1 கோடி டன் தானியத்தை வெளியிலிருந்து வரவழைத்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. பி.எல்.480 என்ற சட்டத்தின்படி அதற்கு டாலர் வேண்டாம், ரூபாய் போதும். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மழை பொய்த்திருந்ததால், துறைமுகத்தில் இறங்கிய மூட்டை கிடங்கில் தங்காமல் ரேஷன் கடைக்குப் போனது. நம்மூர்ப் பள்ளி மதிய உணவிலும் ‘கேர்’ என்ற தொண்டு நிறுவனத்தின் பால் பவுடர் கலந்தது.

கடிவாளமும் கூடவே வந்தது. வியட்நாம் போரை இந்தியா குறைசொன்னது அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்.

அந்தக் கோதுமை பசியாற்றியது. வளர்த்தது என்று சொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைக்கிறதே என்ற தைரியத்தில் உழவை அசட்டையாக விட்டோம் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆனால் அது இல்லாவிட்டால், அடுத்து நடந்ததற்கு அவகாசமே கிடைத்திருக்காது.

மெக்சிகோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை ரகங்களை, எம்.எஸ். சுவாமிநாதன் டெல்லியில் சோதித்துப் பார்த்தார். உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல், 1966-ல் 18,000 டன் விதை தருவித்தார். விதைக்குக் காசு கொடுத்தோம். அதன் பின்னிருந்த அறிவுதான் உதவியாக வந்தது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் கைகொடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி இயந்திரமும் பேராசிரியர்களும் தந்தது. இந்த வகை உதவிக்குத்தான் என் ஓட்டு. அந்த விதை வயலுக்குப் போன பின், 1968-ல் கோதுமை விளைச்சல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது. மூட்டை அடுக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களைக்கூடக் கிடங்காக்கினார்கள்.

பி.எல்.480 கோதுமைக்காகச் சேர்ந்து கிடந்த ரூபாய் பாக்கியில் பெரும்பகுதியை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. 1974-ல் அதன் தூதர் மொய்னிஹன் நீட்டிய காசோலையின் தொகை 1,664 கோடி ரூபாய்.

இன்று கோதுமை விளைச்சல் 11 கோடி டன்னுக்கு மேல். 2022-ல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது இந்தியா கடனும் கைமாற்றுமாக ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு உதவியது. தமிழ்நாடு தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அறிவித்து, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் அனுப்பியது.

கொடுக்கும் கையானதும் கடிவாளத்தை நாமும் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். எக்சிம் வங்கி வழியாகப் பிற நாடுகளுக்குத் தரும் கடனில், பொதுவாக முக்கால் பங்குக்குப் பொருளையும் சேவையையும் இந்தியாவிடமே வாங்கியாக வேண்டும். ஐடெக் பயிற்சித் திட்டத்தில் அந்த வியாபாரம் இல்லை. நாமே கப்பலுக்குக் காத்திருந்த 1964-ல் தொடங்கியது அது. 160-க்கும் மேற்பட்ட நாடுகளின் அலுவலர்களுக்கு இதில் இடமுண்டு. பயணச் செலவும் தங்கும் செலவும் நம்முடையவை.