நகரத்து மண்ணைக் கேட்பார் இல்லையா?

2024 டிசம்பர் முதல் நாள். ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகர் வீடுகள் மீது மலைச் சரிவு இடிந்து விழுந்தது. ஏழு உயிர்கள் மடிந்தன. ஏழில் ஐந்து பிள்ளைகள்! அதற்குப் பிறகே வந்தார்கள் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள். வந்ததை நாம் குறை சொல்லவில்லை. பிணம் விழுந்த பின்னர்தானா மண்ணைத் தொட்டுப் பார்ப்பது என்றுதான் கேட்கிறோம்.

மலைக்கே இந்தக் கதி என்றால், அடிவாரத்து நகர மண்ணைக் கேட்பார் யார்? அதே 2024-இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. மரக்கன்று நடுவிழாவுக்குப் பஞ்சமில்லை. மண்வெட்டி பிடித்துப் படமெடுத்துக் கொள்வதற்கும் பஞ்சமில்லை. ஆனால், பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான கால்கள் மிதிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்திலே மண் இறுகிக் கிடந்தால், நீரும் இறங்காது, வேரும் இறங்காது. ஓரடிக் குழி வெட்டி இரண்டு முறை நீர் நிரப்புங்கள், தோழர்களே! இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையானால், முதலில் மண்ணைக் கிளறி மக்கிய எரு சேர்க்க வேண்டும், கன்று பிறகு.

உழவர் நிலத்துக்கு 2015 முதல் மண்வள அட்டை உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு என்று 12 சோதனைகள். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த 12-இல் ஈயம் இல்லை! பட்டறைக்குப் பக்கத்திலே, பேருந்துச் சாலையோரத்திலே, பழைய சுவர் இடிந்த மனையிலே கீரை விதைக்கும் தொழிலாளிக்கு அதுதானே பெரிது? ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் ஒழிந்தது. புகையாய் வந்து படிந்த ஈயமோ மண்ணை விட்டு எளிதில் போகாது. பழைய பெயிண்டிலும் அது உண்டு. பாட்டரி உடைக்கும் இடத்தைச் சொல்லவே வேண்டாம். குழந்தையின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது. இந்த அளவுக்குள் இருந்தால் தீங்கில்லை என்று எல்லை கட்ட உலக சுகாதார நிறுவனத்தாலேயே முடியவில்லை.

அதற்காகப் பாத்தியை அழிக்கச் சொல்வோமா? மாட்டோம். ஐயமுள்ள இடத்திலே கீரையும் முள்ளங்கியும் வேண்டாம். கத்தரி, வெண்டை, தக்காளி போடலாம். கீரைக்கு நல்ல மண் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பலாம்.

மாதிரி எடுப்பது பெரிய வித்தையல்ல. மேற்குப்பையை விலக்கி, பத்து இடங்களில் அரையடி ஆழம் ஆப்பு வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டினால் போதும். அந்தப் பையை வாங்கும் வேளாண்துறை ஆய்வகம் ஈயத்தையும் சோதிக்கட்டும். மாநகராட்சி வார்டுதோறும் மாதிரி எடுத்து, முடிவை அந்தந்த வார்டிலேயே ஒட்டட்டும். பட்டறைத் தெருக்களில் முதலில் தொடங்கட்டும்!