ரொட்டியின் நிறம்

மேல்நாட்டாருக்கு ரொட்டி அன்றாட அன்னம். நமக்கோ அது நெடுங்காலமாக நோயாளியின் பத்தியமாகவே இருந்து வந்திருக்கிறது. ஜுரம் கண்டவனுக்குப் பாலில் தோய்த்த ரொட்டித் துண்டு கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கச் செல்பவர் கையில் ஒரு பொட்டலம் ரொட்டி இருக்கும். இந்தப் பழக்கத்தினால், ரொட்டி இலேசான ஆகாரம், வயிற்றுக்குப் பாரமில்லாதது, ஆகவே உடம்புக்கு உகந்தது என்னும் எண்ணம் நம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றிவிட்டது. இப்பொழுது அந்த எண்ணம் புதிய வேஷம் பூண்டு வந்திருக்கிறது. உடல் பருத்துவிட்டது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னவுடன், அந்தக் குடும்பத்தில் முதலில் தள்ளுபடியாவது இட்லி. அதன் ஸ்தானத்தில் வந்து அமர்வது ரொட்டி. அதிலும் வெள்ளை ரொட்டியன்று. பிரவுன் பிரட் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பழுப்பு ரொட்டி. விலை சற்று அதிகமென்றாலும் ஆரோக்கியத்துக்காகக் கொடுக்கும் பணந்தானே என்று மனம் சமாதானம் அடைகிறது.

இந்த மாற்றத்தினால் விளையும் லாபம் என்ன என்று கணக்குப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள இட்லி ஒன்றுக்கு 50 முதல் 60 கலோரி. மூன்று இட்லியும் சாம்பாரும் கொஞ்சம் சட்னியும் சேர்ந்தால் ஏறக்குறைய 300 கலோரிக்குள் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். முப்பது கிராம் நிறையுள்ள ரொட்டித் துண்டு ஒன்றுக்கு 75 கலோரி. நான்கு துண்டுக்கு 300. வெறும் ரொட்டியை மெல்லுகிறவர் யார்? துண்டுக்கு ஒரு சிறு கரண்டி வெண்ணெயும் ஒரு சிறு கரண்டி ஜாமும் தடவினால் 500ஐத் தாண்டிவிடுகிறது. மெலிவதற்காக இட்லியைத் துறந்தவர், தியாகம் செய்ததாக எண்ணிக்கொண்டே முன்னைவிட அதிகம் உண்கிறார். இரண்டு மணி நேரத்தில் அவருக்குப் பசியும் எடுத்துவிடுகிறது. மாதக் கடைசியில் எடை பார்க்கும் யந்திரத்தின் மீது ஏறி நின்று, ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டேனே, இன்னும் குறையவில்லையே’ என்று வருந்துகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அவர்கள் பேரில் குற்றமில்லை.

நிறத்தை மாற்றினால் இந்தக் கணக்கு மாறுமா? அதிகமாக மாறாது. நூறு கிராம் வெள்ளை ரொட்டியில் 265 கலோரி என்றால், முழுக் கோதுமை ரொட்டியில் சுமார் 250. கலோரியைக் குறைப்பதற்காகப் பழுப்பு ரொட்டி வாங்குவது வீண். அதை வாங்குவதற்குள்ள உண்மையான காரணம் வேறு. அந்தக் காரணம் நாம் வாங்கும் பழுப்பு ரொட்டியில் இருக்கிறதா என்பதே கேள்வி.

கோதுமை மணியை நூறு பங்காகக் கொண்டால், ஏறக்குறைய 83 பங்கு உள்ளிருக்கும் வெண்மையான மாச்சத்து, 14 பங்கு மேலே போர்த்திய தவிடு, எஞ்சியது முளை. நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில் இருக்கிறது. ‘பி’ வகை ஜீவசத்துக்களிலும் தாதுக்களிலும் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும் அடங்கியிருக்கிறது. கல் யந்திரத்தில் அரைத்த காலத்தில் இவையெல்லாம் கலந்தே மாவாயின. வெண்மை வேண்டியவர் சல்லடையில் சலித்துக்கொண்டார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், 1870களையொட்டி, எஃகு உருளை ஆலைகள் ஐரோப்பாவில் பரவின. தவிட்டையும் முளையையும் உரித்தெடுத்துவிட்டு வெண்மாவை மட்டும் தனியே பிரிக்க அவை வழிசெய்தன. முளையிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் கொள்வது. அது நீங்கியதால் மாவு கெடாமல் கப்பலேறித் தூர தேசங்களுக்குச் சென்றது. வியாபாரிக்கு லாபம். செல்வர் மட்டுமே கண்டிருந்த வெண்மை ஏழையின் கைக்கும் எட்டியதால் அவனுக்கும் சந்தோஷம். அரிசியைத் தீட்டித் தீட்டி வெளுக்கச் செய்து, தவிட்டோடு ஜீவசத்தையும் இழந்து, பெரிபெரி நோயை வாங்கிக்கொண்ட ஆசியாவுக்கு இந்தக் கதை புதிதல்ல.

வெள்ளை ரொட்டியின் பேரில் நடந்த பிரசித்தமான விசாரணைகளில் ஒன்று நம் குன்னூரிலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஸர் ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்திய விஞ்ஞானி அங்கே பல்லாண்டுகள் உணவு ஆராய்ச்சி நடத்தினார். வெள்ளெலிகளில் ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உண்ணும் ஆகாரத்தைக் கொடுத்தார்: முழுக் கோதுமை சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது மாமிசம். மற்றொரு கூட்டத்துக்கு இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ணும் ஆகாரம்: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட தேநீர், வெந்து சோர்ந்த காய்கறி, டப்பா மாமிசம், மலிவான ஜாம். முதற் கூட்டம் செழித்து வளர்ந்தது. இரண்டாவது கூட்டம் வளர்ச்சி குன்றியது. நுரையீரலிலும் குடலிலும் நோய் கண்டது. நாளடைவில் அவ்வெலிகள் தம்முள் பலவீனமானவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. அவர் வெவ்வேறு மாகாணத்தாரின் ஆகாரங்களையும் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த வரிசையில் சீக்கியரின் ஆகாரம் தலையிலும், தீட்டிய அரிசியை நம்பிய நம் சென்னை மாகாணத்து ஆகாரம் கடைசியிலும் நின்றது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் இதைக் கொண்டு வெள்ளை ரொட்டியே விஷம் என்று தீர்ப்புச் சொல்லுவது நியாயமாகாது. அந்த எலிகளுக்குப் பாலும் பச்சைக் காயும் போதிய அளவில் கிடைக்கவில்லை. சர்க்கரை மிகுதியாகக் கிடைத்தது. குற்றம் ரொட்டியின் தலையில் மட்டும் விழக்கூடியதன்று. இதற்கு மாறான சாட்சியமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், பஞ்சத்தில் வாடிய ஜெர்மனியில் அநாதைச் சிறுவர் விடுதிகளில் எல்ஸி விட்டோவ்ஸன் அம்மையாரும் மக்கான்ஸும் ஒரு பரீட்சை நடத்தினார்கள். சில பிள்ளைகளுக்கு முழு மாவு ரொட்டியும், சிலருக்குத் தவிடு நீக்கிய மாவில் செய்ததும், சிலருக்குச் சத்துக்கள் சேர்க்கப்பட்ட வெண்மாவில் செய்ததும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் காய்கறி உண்டு. பால் மிகவும் சொற்பம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலவே நன்றாக வளர்ந்தார்கள். முழு மாவின் பெருமையை நிரூபிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இந்த முடிவு ஏமாற்றமாக இருந்திருக்கும். உண்மை நமது கட்சிக்கு விரோதமாக இருப்பினும் அதை மறைக்கலாகாது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் மெலிந்து வந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வளர்ச்சி. பகல் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்து, ஐம்பதாவது வயதில் இடுப்புப் பெருத்து, இரத்தத்தில் சர்க்கரையும் ஏறி நிற்பவருக்கு வேண்டுவது வேறு. 2023ஆம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆராய்ச்சி ஒன்று, நம் தேசத்தில் நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டது. இத்தகையோருக்குக் கொஞ்சம் உண்டவுடன் வயிறு நிறையவேண்டும். பசி மெல்ல வரவேண்டும். நார்ச்சத்து இதற்குத் துணை செய்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. நான்கு துண்டு வெள்ளை ரொட்டியில் சுமார் 3 கிராம் கிடைக்கும். உண்மையான முழு மாவு ரொட்டியானால் 7 அல்லது 8 கிராம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் அதிக விலை கொடுக்கலாம்.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. முழு மாவாகவே இருந்தாலும் அதை மிக நைசாக அரைத்துச் சுட்டால், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் அது வெள்ளை ரொட்டிக்கு அதிகம் பின்தங்குவதில்லை. உடைந்தும் உடையாததுமான தானியங்கள் பல்லில் படும்படி கலந்த ரொட்டியே மெல்ல ஜீரணமாவது. பஞ்சு போல் அமுங்கி உடனே எழும்பும் ரொட்டியைவிட, கையில் கனமாக உட்காரும் ரொட்டியை நம்பலாம். நீரிழிவுக்காரர் எந்த ரொட்டியானாலும் துண்டுகளை எண்ணித்தான் உண்ணவேண்டும்.

இனி அந்தப் பழுப்பு நிறத்துக்கு வருவோம். உறையைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். சேர்ந்துள்ள பொருள்களை எடையில் அதிகமானது முதலிலும் குறைந்தது கடைசியிலுமாக வரிசைப்படுத்தி அச்சிடவேண்டுமென்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே முதற்பெயர்தான் ரொட்டியின் ஜாதகம். அங்கே ‘ஹோல் வீட் ஃப்ளவர்’ அல்லது ‘ஆட்டா’ என்றிருந்தால் முழுக் கோதுமை மாவு. ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளவர்’ என்றிருந்தால் அது மைதாவே. மைதாவை முதலில் போட்டு, சிறிது தவிட்டையும் ஆட்டாவையும் பின்னால் ஒப்புக்குச் சேர்த்து, பற்றாக்குறைக்கு 150ஏ என்ற எண்ணுள்ள காரமெல் சாயத்தினால் பழுப்பேற்றிய ரொட்டிகள் கடைகளில் உண்டு. காரமெல் என்பது காய்ச்சிக் கருக்கிய சர்க்கரை; அதை உபயோகிப்பது சட்டவிரோதமுமல்ல. ஆனால் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வருகிறவனை அசல் என்று நம்பிப் பெண் கொடுப்பதில்லையே! ‘பல தானிய ரொட்டி’ என்ற பெயரையும் இப்படியே சோதிக்கவேண்டும்; பல தானியங்களும் மேல் தோலில் தூவின எள்ளோடு முடிந்துபோவதுண்டு. சர்க்கரையும் உப்பும் எவ்வளவு என்பதும் அதே உறையில் இருக்கும். நான்கு துண்டு ரொட்டியிலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகிறது. நாள் முழுதுக்கும் 5 கிராமுக்குள் நிற்கவேண்டிய இரத்த அழுத்தக்காரர், ஊறுகாயை மட்டும் விலக்கிவிட்டுத் திருப்தியடைவது போதாது.

ரொட்டியைத் தம் வீட்டிலேயே விசாரித்த ஒருவரும் நம்மிடையே இருந்தார். ஜோஹான்ஸ்பர்க்கில் வாழ்ந்தபோது காந்திஜி கடை ரொட்டியை நிறுத்திவிட்டு, கூனே என்பவரின் முறைப்படி புளிக்காத முழு மாவு ரொட்டியை வீட்டிலேயே செய்வித்தார். ஆலை மாவு அதற்கு உதவாதென்று 7 பவுன் கொடுத்துக் கை யந்திரம் ஒன்று வாங்கியதையும், அதன் இரும்புச் சக்கரம் ஒருவருக்குக் கனமாயினும் இருவருக்கு எளிதாயிருந்ததையும், தாமும் போலக்கும் பிள்ளைகளும் அதைச் சுழற்றியதையும் தமது சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அத்தனை பாடு இன்று நமக்கு வேண்டாம். தெருக்கோடி மாவு மில்லில் கோதுமையைக் கண்ணெதிரே அரைத்து, சலிக்காமல் சப்பாத்தி இட்டால், புளிக்காத முழு மாவு ரொட்டி அதுவே. சாயம் இல்லை, உறையும் இல்லை, படிக்கவேண்டிய பொடி எழுத்தும் இல்லை.

ஆனால் ரொட்டி வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்வார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவரிடம் சப்பாத்தி இடும்படி உபதேசிப்பது சுலபம். அவர்களுக்காகத்தான் உறையைத் திருப்பிப் பார்க்கும்படி மேலே சொன்னோம். நமது ஆட்சேபம் இங்கேதான் எழுகிறது. அந்தப் பொடி எழுத்து எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலோ இருக்கவேண்டுமென்று சட்டம் விதிக்கிறது; மற்ற மொழிகளை விரும்பினால் கூடச் சேர்த்துக்கொள்ளலாமாம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ ரொட்டி வாங்கும் தாய், தன் தாய்மொழியை மட்டும் படிக்கத் தெரிந்தவளாயின், தன் கணவனின் நீரிழிவுக்கு எது ஏற்றது என்று அறிய அவளுக்கு எஞ்சிய ஒரே அடையாளம் நிறந்தான். அந்த நிறத்தையே சாயத்தினால் வாங்கலாம் என்றால் அவள் எதை நம்புவாள்?

இது ஆகாத காரியமென்று அதிகாரிகள் கூறமுடியாது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் டில்லியில் ஒரு தனியார் ஸ்தாபனம் 38 ரொட்டி வகைகளைச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவற்றில் பொட்டாஸியம் புரோமேட், பொட்டாஸியம் ஐயோடேட் ஆகியவற்றின் சுவடு இருப்பதாக வெளியிட்டது. புரோமேட் புற்றுநோய்க்குக் காரணமாகலாமென்று ஐயுறப்படுவது; பிரிட்டனில் 1990லேயே விலக்கப்பட்டது. நம் சர்க்கார் அடுத்த ஜூன் மாதமே அதைத் தடுத்தது. ஒரு மாதத்தில் ஒரு ரசாயனத்தை ரொட்டியிலிருந்து நீக்க முடிந்தவர்களுக்கு, உறையின் முன்புறத்தில், பெயருக்குப் பக்கத்திலேயே, ‘முழுக் கோதுமை மாவு நூற்றுக்கு இத்தனை’ என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்வது பிரமாதமான காரியமல்ல. சில கம்பெனிகள் ஆங்கிலத்தில் அந்த விகிதத்தை ஏற்கெனவே அச்சிடுகின்றன. உறையில்லாமல் விற்கும் ஊர்ப் பேக்கரிகள், கண்ணாடி அலமாரியில் விலை எழுதித் தொங்கவிடும் அதே அட்டையில் மைதா எவ்வளவு, ஆட்டா எவ்வளவு என்று இன்னொரு வரி எழுதினால் போதும். ரொட்டி வாங்கும்போது அந்த வரி எங்கே என்று நேயர்கள் கடைக்காரரைக் கேட்கத் தொடங்கட்டும்.